கூடியிருந்து எழுதுவதும் கூட்டாகப் பெயர் போடுவதும்

என் கட்டுரைக்கு நாலு ஆசிரியர்கள் இருக்கிறார்கள் என்பது மூன்றாம் நாள் பின்னேரம்தான் எனக்குத் தெரிய வந்தது. சுவரில் விழுந்த திரையில் தலைப்பு ஆங்கிலத்தில் இருந்தது. அதன் கீழே நாலு பெயர்கள். என்னுடையது இரண்டாவது. கோபம் வந்தது என்று எழுதினால் பொய். பெருமைதான் வந்தது. பல்கலைக்கழகத்தார் மூவருக்கு நடுவில் ஒரு பாடசாலை ஆசிரியையின் பெயர்! கைபேசியில் படம்கூட எடுத்து வைத்தேன். கோபம் வர இரண்டு கிழமை எடுத்தது. அந்த இரண்டு கிழமையில் யோசித்ததையும், பிறகு தேடி வாசித்ததையும் சேர்த்தே இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

ஆய்வாளர்களுக்கான வதிவிட எழுத்துச் செயலமர்வு என்பது என்ன என்று முதலில் சொல்லிவிட வேண்டும். பத்துப் பதினைந்து பேர் வீட்டையும் கந்தோரையும் விட்டு ஓரிடத்தில் தங்கி, கையில் கிடக்கும் அரைகுறைக் கட்டுரையை ஒரு சஞ்சிகைக்கு அனுப்பக்கூடிய பதத்துக்குக் கொண்டுவருவது. எப்படி எழுதுவது என்று அங்கே யாரும் விரிவுரை செய்வதில்லை, செய்யவும் கூடாது. எழுதுவதற்கு நேரம் தருவதுதான் அதன் வேலை. எங்கட பக்கம் செயலமர்வு என்றால் வளவாளர் பேச நாங்கள் குறிப்பெடுப்பது என்றே பழகிப்போயிருப்பதால் இந்த வித்தியாசத்தை அழுத்திச் சொல்கிறேன்.

இதன் மூலத்தைத் தேடிப் போனபோது இரண்டு பெண்களின் பெயர்கள் திரும்பத் திரும்ப வந்தன. ஒருவர் நியூசிலாந்தின் ஒக்லாந்து பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பார்பரா கிராண்ட். 1997இலிருந்து பெண் கல்வியாளர்களை டவுப்போ ஏரிப் பக்கத்தில் உள்ள டௌஹாரா என்ற தங்குமிடத்துக்கு அழைத்துப் போய், ஐந்து நாள் தங்கவைத்து எழுதச் செய்தவர். 2008இல் அவர் எழுதிய கைநூலும் வெளிவந்தது. மற்றவர் ஸ்கொட்லாந்தின் ஸ்ட்ரத்கிளைட் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ரொவீனா மரே. அவரும் மேரி நியூட்டனும் சேர்ந்து 2009இல் எழுதிய கட்டுரை இந்தத் துறையில் பலரும் எடுத்தாள்வது. எல்லோரும் ஒரே அறையில் இருந்து, நேரம் பிரித்து, இணையம் இல்லாமல் எழுதும் முறையை அவர்கள் 'தட்டச்சுக்கூடம்' என்கிறார்கள். ஆளுக்கொரு அறையில் அடைந்து எழுதுவது அவர்களுக்குத் 'தனிச்சிறை'. இந்தச் சொல் எனக்குப் பிடித்தது. வீட்டில் எழுதும் பெண்ணுக்குத் தனிச்சிறைகூட வாய்ப்பதில்லை என்பது வேறு கதை.

கிராண்ட் பெண்களை மட்டும் அழைத்ததன் நியாயத்தை யாரும் எனக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை. கிழக்கிலங்கை முஸ்லிம் பெண்கள் வாய்மொழியாகச் சொல்லிவந்த கவிகளைப் பற்றிய என் கட்டுரை பதினொரு வருஷமாக லாச்சிக்குள் கிடந்தது. சுபஹுக்குப் பிறகு ஒரு பந்தி எழுதலாம் என்று உட்கார்ந்தால் மகனுக்கு டியூஷன், மாமிக்கு மருந்து. பின்னேரம் என்றால் தவணைப் பரீட்சை விடைத்தாள். லீவு நாள் என்றால் கலியாண வீடு. எழுதுவதற்கு எனக்கு அறிவு போதாமல் இருந்ததா, நேரம் போதாமல் இருந்ததா என்பதே பதினொரு வருஷமாகத் தெரியாது. நேரம்தான் என்பது அந்த மலைநாட்டு ஹோட்டலில் இரண்டே நாளில் தெரிந்துவிட்டது. அதற்காக அந்தச் செயலமர்வுக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். இனி எழுதப்போகும் குறைகளை இந்த நன்றியோடு சேர்த்துத்தான் வாசிக்க வேண்டும்.

நாங்கள் பதினாறு பேர். அதில் பெண்கள் நாலு பேர். ஒன்றரை மணித்தியால அமர்வுகள். ஒவ்வொன்றும் தொடங்கும்போது "இந்த அமர்வில என்ன எழுதப் போறீங்க?" என்று பக்கத்தில் இருப்பவர் கேட்பார். முடிந்ததும் "எழுதினீங்களா?" என்பார். முதல் அமர்வில் முன்னுரையை முடிப்பேன் என்றேன். ஒரு பந்திதான் வந்தது, அதுவும் நொண்டியாக. இரண்டாம் அமர்வில் வாயைக் கொஞ்சம் அடக்கிக்கொண்டு, கவிகளில் மச்சான், மச்சி என்ற விளிகள் வரும் இடங்களைப் பற்றி இரண்டு பக்கம் என்றேன். அது முடிந்தது. லுஹருக்கும் அஸருக்கும் இடைப்பட்ட அமர்வுதான் எனக்கு மிக நன்றாக ஓடியது. பதினாறு பேர் வாய் திறக்காமல் தட்டிக்கொண்டிருக்கும் சத்தத்தில் ஒரு வெட்கம் இருக்கிறது. நாம் நிறுத்தினால் அது கேட்டுவிடும் என்ற வெட்கம். சோம்பலுக்கு அதைவிட நல்ல மருந்தை நான் கண்டதில்லை.

ஆனால் இந்த முறை, வாசிப்பெல்லாம் முடிந்துவிட்டது, இனி எழுதுவது மட்டும்தான் பாக்கி என்று எடுத்துக்கொள்கிறது. ஆய்வுகூடத்தில் பரிசோதனையை முடித்துத் தரவுகளை அட்டவணையாக்கிக் கொண்டுவருபவருக்கு அது சரியாக இருக்கலாம். தமிழ் இலக்கியத்தில் வேலை செய்பவருக்கு எழுதுவதும் தேடுவதும் ஒரே கையால் நடப்பவை. ஒரு சொல்லுக்குப் பொருள் எழுதும்போதுதான் அந்தச் சொல் வேறெங்கே வந்தது என்று பார்க்கவேண்டி வருகிறது. கொழும்புக்கோ பேராதனைக்கோ ஓடமுடியாத எங்களைப் போன்றவர்களுக்கு 2005இல் தொடங்கிய நூலகம் என்ற எண்ணிம நூலகம்தான் கைகொடுக்கிறது. பழைய சஞ்சிகைகள், மலர்கள், சிறு பிரசுரங்கள் எல்லாம் அங்கேதான் வாசித்தேன். இணையத்தை மூடிவிட்டு எழுதச் சொன்னபோது என் புத்தக அலுமாரியையும் சேர்த்துப் பூட்டிவிட்டார்கள். இதை எடுத்துச் சொன்னேன். "அந்த இடத்தில ஒரு அடையாளம் போட்டுட்டு மேல போங்க டீச்சர்" என்றார் நடத்துநர். போட்டேன். செயலமர்வு முடிந்தபோது கட்டுரையில் நாற்பத்தொரு அடையாளங்கள். அவற்றை நிரப்ப மூன்று மாதம் எடுத்தது. அதில் ஏழு இடங்களில் நான் எழுதியதே பிழை என்று தெரிந்தது.

இலக்கு வைக்கும் முறையிலும் எனக்கொரு சிறிய முறைப்பாடு. எல்லாம் சொற்கணக்கு. தமிழில் 'போகவேண்டியிருந்ததால்' என்பது ஒரு சொல். என் 600 சொல் பகுதியை ஆங்கிலமாக்கியபோது அது ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. ஆங்கிலத்தில் எழுதுபவர்கள் ஆயிரம், ஆயிரத்து இருநூறு என்று அறிக்கையிட, தமிழில் எழுதிய இரண்டு பேரும் ஒவ்வொரு தடவையும் பின்வாங்கு மாணவர்கள் போல இருந்தோம்.

இனி மூன்றாம் நாள். காலையில் எங்களைத் துறைவாரியாக நாலு குழுக்களாகப் பிரித்தார்கள். ஒவ்வொரு குழுவும் தன்னிடமுள்ள வரைவுகளில் ஆகக் கூடுதலாக முடிந்திருப்பதை எடுத்து, எல்லோரும் சேர்ந்து முழுமையாக்கி, பின்னேரம் திரையில் காட்ட வேண்டும். எங்கள் குழுவில் கூடுதலாக முடிந்திருந்தது என்னுடையது. இதன் கணக்கு மிக எளிது. பதினாறு பேரும் தங்கள் தங்கள் கட்டுரையை எழுதினால் மூன்று நாளின் முடிவில் பதினாறு அரைகுறைகள் இருக்கும். நாலு நாலு பேராகச் சேர்ந்தால் நாலு முழுக் கட்டுரைகள் இருக்கும். ஒவ்வொருவருக்கும் ஒரு பிரசுரம் என்று கணக்கும் காட்டலாம். பணம் தந்தவர்களுக்கு அறிக்கை எழுத வேண்டும். பதவி உயர்வுக்கான புள்ளித் திட்டத்தில் கட்டுரைகள் எண்ணப்படுகின்றன. இதில் யாரும் கெட்டவர்கள் இல்லை. புள்ளிக்காக ஓட வைக்கப்பட்டவர்கள் ஓடுகிறார்கள்.

கிராண்டும் மரேயும் செய்தது இதுவல்ல என்பதே இங்கே நான் சொல்லவரும் விஷயம். அவர்களுடைய ஏற்பாடுகளில் பொதுவாக இருப்பது அறை, நேரம், சாப்பாடு, ஒருவர் எழுதியதை மற்றவர் கேட்கும் பொறுமை. கட்டுரை பொதுச்சொத்து அல்ல. பக்கத்துக் கதிரைக்காரி உன் வரைவை வாசித்துக் கருத்துச் சொன்னதற்காக உன் கட்டுரையின் ஆசிரியையாக ஆவதில்லை. கூடியிருந்து எழுதுவது வேறு, கூட்டாக எழுதுவது வேறு. இங்கே வரும்போது இந்த இரண்டையும் ஒரே பானையில் போட்டுக் கலக்கிவிட்டோம். முதல் நாள் தேநீர் இடைவேளையில் ஒருவர் "இஃதிகாஃப் இருக்கிற மாதிரி இருக்கு" என்று பகிடி விட்டார். நல்ல ஒப்புமைதான். ஆனால் இஃதிகாஃபில் இருந்து எழும்பும்போது பக்கத்தில் இருந்தவரின் நன்மையில் யாரும் பங்கு கேட்பதில்லை.

மற்ற மூவரும் என்ன செய்தார்கள் என்பதை நியாயமாகச் சொல்ல வேண்டும். ஒருவர் உசாத்துணைப் பட்டியலைச் சஞ்சிகையின் ஒழுங்குக்கு மாற்றினார். ஒருவர் ஆங்கிலமாக்கினார். அவசரத்தில், கவியில் பெண் தன் முறைமாப்பிள்ளையை 'மச்சான்' என்று கூப்பிடும் இடத்திலெல்லாம் 'பிரதர் இன் லோ' என்று போட்டுவிட்டார். அதை வாசிக்கும் வெள்ளைக்காரர் எங்கட ஊர்ப் பெண்களைப் பற்றி என்ன நினைப்பார் என்று யோசித்துச் சிரிப்பும் வந்தது, பதற்றமும் வந்தது. மூன்றாமவர் முதுநிலை விரிவுரையாளர். அவர் சேர்த்த கோட்பாட்டுப் பந்திகள் இரண்டும் எந்தக் கட்டுரையிலும் ஒட்டக்கூடியவை. ஆனால் அவர்தான் என் வரைவை முழுசாக வாசித்தவர். வாசித்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார்: "இந்தக் கவியெல்லாம் அவங்க யாருக்கு முன்னால சொன்னவங்க டீச்சர்? ஆம்புளைகள் கேக்கிற இடத்திலயா, பொம்புளைகளுக்குள்ளயா?" பதினொரு வருஷத்தில் எனக்குத் தோன்றாத கேள்வி அது. கட்டுரையின் பின்பாதி முழுக்க அந்தக் கேள்வியால் திரும்பியது.

அப்படியானால் அவர் ஆசிரியரா? மருத்துவச் சஞ்சிகை ஆசிரியர்களின் சர்வதேசக் குழு ஒன்று இருக்கிறது. 1978இல் கனடாவின் வான்கூவரில் கூடித் தொடங்கியது. ஆசிரியர் எனப்படுவதற்கு அது நாலு நிபந்தனைகள் வைத்திருக்கிறது: ஆய்வின் திட்டத்திலோ, தரவைத் திரட்டுவதிலோ, பகுப்பாய்விலோ கணிசமான பங்கு, எழுதுவதில் அல்லது விமர்சித்துத் திருத்துவதில் பங்கு, இறுதிப் பிரதிக்கு ஒப்புதல், முழு வேலைக்கும் பொறுப்பேற்றல். நாலாவது 2013இல் சேர்ந்தது. நாலும் இருக்க வேண்டும், ஒன்றிரண்டு போதாது. அந்த அளவுகோலை வைத்தால் கேள்வி கேட்டவரை ஒருவேளை சேர்க்கலாம், வாதாடலாம். பட்டியல் ஒழுங்குபடுத்தியவரையும் மொழிபெயர்த்தவரையும் நன்றியுரையில்தான் சேர்க்க வேண்டும். வேறொரு துறையின் விதியை எங்கட துறைக்குக் கொண்டுவரலாமா என்று கேட்கலாம். எங்கட துறைக்கு எழுதிவைத்த விதி ஏதும் இருந்தால் கொண்டுவந்திருக்க மாட்டேன்.

இன்னொன்று 'கிரெடிட்' என்ற பங்களிப்பு வகைப்பாடு. பதினாலு பாத்திரங்கள். கருத்துருவாக்கம், முறையியல், மென்பொருள், மேற்பார்வை, நிதி தேடித் தருதல், முதல் வரைவு, திருத்தம் என்று போகிறது. பெரிய பதிப்பகங்கள் இதைத்தான் கேட்கின்றன. அந்தப் பதினாலையும் தாளில் எழுதி, என் கட்டுரைக்கு உழைத்தவர்களை ஒவ்வொருவராக அதில் பொருத்திப் பார்த்தேன். எல்லோருக்கும் இடம் கிடைத்தது. கவி சொன்ன மூத்தம்மாவுக்கு மட்டும் கிடைக்கவில்லை. நோண்டிப் பார்த்தால் 'வளங்கள்' என்ற ஒன்று இருக்கிறது. ஆய்வுகூட மாதிரிகள், கருவிகள், பரிசோதனைப் பிராணிகள் முதலியவற்றை வழங்குவது அதில் அடங்கும். அதிலும் வழங்கும் ஆய்வாளருக்குத்தான் அந்தப் பெருமை.

இங்கேதான் என் கோபம் திரும்பி என்மேலேயே விழுந்தது. என்னிடமுள்ள நூற்றி நாற்பது கவிகளில் தொண்ணூறுக்கு மேல் அந்த ஒருவர் சொன்னவை. அவரை என் கட்டுரை 'தகவலாளி 3' என்று அழைக்கிறது. அப்படி எழுதியது செயலமர்வு அல்ல, குழுவிலிருந்த மூவரும் அல்ல. பதினொரு வருஷத்துக்கு முந்திய முதல் வரைவிலேயே நான் எழுதியது. ஆய்வு முறையியல் வகுப்பில் அப்படித்தான் எழுத வேண்டும் என்று படித்தேன், எழுதினேன். நோயாளியின் பெயரை, காணிச் சண்டையில் சாட்சி சொன்னவரின் பெயரை மறைப்பது அவர்களைக் காப்பாற்ற. கவி சொன்னவரின் பெயரை மறைத்து யாரை யாரிடமிருந்து காப்பாற்றினேன்? யார் யாரிடம் கேட்டார், அவர் யாரிடம் கேட்டார் என்ற பெயர்ச் சங்கிலியைப் பாதுகாக்கவென்றே ஒரு அறிவுத்துறையை வளர்த்தெடுத்த சமூகம் நாங்கள். ஹதீஸுக்கு இஸ்னாத் கேட்கும் எங்களுக்குக் கவிக்கு ஒரு பெயர் கேட்கத் தோன்றவில்லை. இரண்டும் ஒன்றென்று சொல்லவில்லை. பழக்கம் இருந்தும் கை வரவில்லையே என்றுதான் சொல்கிறேன்.

கூட்டாக எழுதுவதே பிழை என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. தமிழ்ச் சிறப்புப் பட்டத்துக்குப் படித்த காலத்தில் நாங்கள் கைமாற்றி வாசித்த 'இருபதாம் நூற்றாண்டு ஈழத்துத் தமிழ் இலக்கியம்' மௌனகுரு, சித்திரலேகா, நுஃமான் ஆகிய மூவரும் சேர்ந்து எழுதி 1979இல் வந்த நூல். மூவருமே தனித்தனியாக நின்று பெயர் பெற்றவர்கள். ஒருவர் பெயருக்கு மற்றவர் பெயரை முட்டுக்கொடுக்கத் தேவை இருக்கவில்லை. இஸ்லாமியத் தமிழ் இலக்கியத்துக்கு ஒரு முழு வரலாறு வேண்டும் என்று பேராசிரியர் ம.மு. உவைஸும் பீ.மு. அஜ்மல்கானும் இறங்கி, பல தொகுதிகளாக எழுதினார்கள். மதுரை காமராசர் பல்கலைக்கழகம் அதை வெளியிட்டது. அது ஒரு ஆளால் முடிகிற வேலையா? வேலை பெரிதாக இருந்ததால் இரண்டு பேர் சேர்ந்தார்கள். எங்கள் குழுவில் நாலு பேர் சேர்ந்ததற்கு, கதிரைகள் நாலு நாலாகப் போடப்பட்டிருந்தன என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை.

எனக்கு மறுபடியும் அழைப்பு வந்தால் போவேன். மூன்றாம் நாளை மட்டும் வேண்டாம் என்பேன். அதைவிட நல்லது, இந்தக் காலாண்டிதழின் வாசகர்களில் பத்துப் பேர் சேர்ந்து ஆகஸ்ட் லீவில் ஏதாவது ஒரு பாடசாலை வகுப்பறையைக் கேட்டு வாங்கி, புத்தகங்களையும் சோற்றுப் பார்சலையும் கொண்டுபோய் இருப்பது. ஹோட்டல் தேவையில்லை, வளவாளர் தேவையில்லை. பெண்கள் இரவு தங்காமல் வீடு திரும்பலாம். ஒரு மேசையில் இணையம் இருக்கட்டும், நூலகத்தைத் திறக்க மட்டும். ஒருவர் எழுதியதை மற்றவர் சத்தமாக வாசிக்கட்டும். பிழையைக் காட்டியவருக்கு நன்றியுரையில் ஒரு வரி.

மூவரிடமும் தொலைபேசியில் பேசினேன். கேள்வி கேட்ட முதுநிலை விரிவுரையாளர், "என்ட பேரை எடுங்க டீச்சர், கேள்வி கேக்கிறது என்ட தொழில்தானே" என்றார். பட்டியல் செய்தவரும் சம்மதித்தார். மொழிபெயர்த்தவருக்கு அந்தப் புள்ளி உண்மையில் தேவைப்படுகிறது. அவருடைய குரலில் அது தெரிந்தது. இன்னும் பேச்சுவார்த்தையில் இருக்கிறோம்.

பிறகு மூத்தம்மாவிடம் போனேன். கண் மங்கிவிட்டது, குரல் அப்படியே இருக்கிறது. கட்டுரையை எடுத்து, அவர் சொன்ன கவிகள் வரும் இடங்களை வாசித்துக் காட்டினேன். இரண்டு இடத்தில் நான் சொல்லைப் பிழையாகக் கேட்டு எழுதியிருக்கிறேன் என்று திருத்தினார். அந்த நாலு நிபந்தனைகளில் இரண்டாவது இதுதானே என்று எனக்குள் நினைத்துக்கொண்டேன். பெயர் போடட்டுமா என்று கேட்டேன்.

"என்ட பேரென்னத்துக்கு மகள்? இது நான் கட்டினதா? எங்கட உம்மா வயல்ல காவலுக்குப் போற நேரம் சொல்லுவா. உம்மாட பேரப் போடு."

உம்மாவின் பெயரைச் சொன்னார். எழுதிக்கொண்டேன். உங்கட பெயரையும் சேர்த்துப் போடுகிறேனே, உம்மாவிடம் கேட்டவர் நீங்கள்தானே என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"போட்டா மகன் ஏசுவான். கிழவி கவி படிச்சத ஊருக்கெல்லாம் காட்டுறதா எண்டு. அவன்ட ஒரு சொல்லுக் கேட்டுட்டுப் போடு."

மகன் கட்டாரில். நோன்புக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறாராம். அதனால்தான் இந்தக் கட்டுரையிலும் இரண்டு பெயர்களும் இல்லை. சஞ்சிகைக்கு அனுப்பவேண்டிய தவணை போன மாதமே முடிந்துவிட்டது. மூத்தம்மா திருத்திய இரண்டு சொற்களையும் பிரதியில் மாற்றிவிட்டு, 'தகவலாளி 3' என்று வந்த இருபத்தாறு இடங்களையும் வெறுமையாக விட்டு வைத்திருக்கிறேன்.